பட்டறை வேலையும் நாகையா போட்ட கோடியும்

நாகையா எனக்குக் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவன். கல்யாணம் கட்டவில்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஏன் கட்டவில்லை என்பது வேறு கதை, அதை இழுத்தால் இது முடியாது. அவனுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. கிள்ளானில் ஒரு சமூகக் கல்லூரியில் சாமான் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். குளிர்சாதனப் பட்டறை, மின்சாரப் பட்டறை, கேக் செய்யக் கற்றுக்கொடுக்கும் அடுப்படி, மூன்றுக்கும் வேண்டிய கருவிகள் அவன் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது, அவன் எண்ணிப் பார்க்காமல் உள்ளே வராது. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அடுத்த வருஷம் பென்சன்.

அதே கல்லூரியின் குளிர்சாதனப் பட்டறையில் திருச்செல்வம் உதவியாளாக இருந்தான். நாங்கள் செல்வம் என்போம். முப்பத்தைந்து வயது. பையன்களுக்கு ஏர்கோன் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது, கேஸ் அடைப்பது, பாடம் முடிந்ததும் கருவிகளைத் துடைத்து ஸ்டோரில் ஒப்படைப்பது, இதுதான் அவன் வேலை. ஏழு வருஷமும் கான்ட்ராக்ட். நவம்பர் வந்தால் போதும், புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று அவன் மனைவி உஷாராணிக்குத் தூக்கம் போய்விடும்.

செல்வம் நாகையாவை மாமா என்பான். உஷாராணியும் மாமா என்பாள். அவர்கள் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் காது குத்தியபோது நாகையாவின் மடியில்தான் உட்கார்த்தினார்கள். செல்வத்தின் கல்யாணத்தில் ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டபோது மாலையோடு எழுந்து போனவனும் இவன்தான்.

சென்ற அக்டோபரில் கல்லூரி வாசலில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். விரிவுரையாளர் மூன்று பேர், மாணவர் ஆலோசகர் ஒருவர், குமாஸ்தா ஒருவர், நூலகத்துக்கு ஒருவர், குளிர்சாதனப் பட்டறை உதவியாளர் ஒருவர். எல்லாமே நிரந்தரம். பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம், செல்வத்துக்கு மட்டும் பயம். நிரந்தரமாக ஒரு ஆள் வந்துவிட்டால் கான்ட்ராக்ட் ஆள் எதற்கு? தான் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கே அவன் மனுப் போட வேண்டும். கிடைத்தால் அறுபது வயது வரை கவலையில்லை. கிடைக்காவிட்டால் ஜனவரியில் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மனுவைப் போனில்தான் நிரப்ப வேண்டுமாம். பண்டமாரானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு மேசையில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, உஷாராணி நிரப்பினாள்.

"சொந்தக்காரங்க யாராச்சும் இங்க வேலை செய்றாங்களான்னு கேக்குது. என்னாங்க போடறது?"

"மாமா இருக்காரே லா."

"என்னா உறவுன்னு கேக்குது. உங்க அம்மாவுக்கு அண்ணனா, தம்பியா?"

"அண்ணன்னு போடு. ரெண்டு வயசு மூத்தவருதானே."

நான் சட்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். நாகையா கூடத்தில் உட்கார்ந்து விஷ்ணுப்ரியாவின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். எல்லார் காதிலும்தான் விழுந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. இருப்பதைத்தானே எழுதுகிறோம் என்று இருந்துவிட்டோம்.

இருநூறு பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். பட்டறை வேலைக்கு ஏழு பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதில் செல்வமும் ஒருவன். வியாழக்கிழமை காலை பத்து மணி என்று கடிதம் வந்தது.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹபீபா நாகையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டாள். ஹபீபா அங்கே ஆள் எடுக்கும் பிரிவில் குமாஸ்தா. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். மரியாதை தெரிந்தவள்.

"அங்கிள், செல்வம் உங்க தங்கச்சி மகனா?"

"ஆமாம்மா."

"கூடப்பொறந்த தங்கச்சியா?"

நாகையா ஸ்டோர்ச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினானாம்.

"ஏழு வருஷமா கான்ட்ராக்ட் பாரத்துல சொந்தக்காரங்க யாரும் இல்லன்னுதான் இருக்கு. இப்பத்தான் தாய்மாமான்னு போட்டிருக்காரு. நீங்க ஸ்டோர் ஆளு, அவரு பட்டறை ஆளு. ஒரே சாமான் புத்தகத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி மாதிரி கையெழுத்துப் போடறீங்க. சொந்தமா இருக்கக் கூடாது அங்கிள். ஏழு வருஷமா மறைச்சிட்டாங்கன்னு துவான் ஸம்ரி சொல்றாரு."

துவான் என்றால் ஐயா. ஸம்ரி கல்லூரியின் துணை இயக்குநர். நேர்முகத்துக்கும் அவர்தான் தலைவர்.

"யாரும் மறைக்கல லா. அந்தப் பாரத்தை ஆபீஸ்லயே நிரப்பிக் குடுத்தாங்க. அவன் கையெழுத்து மட்டும்தான் போட்டான்."

"எனக்குத் தெரியுது. துவானுக்குத் தெரியணுமே."

பிறகு அவள் இரண்டு வழி சொன்னாள். உறவு உண்டு என்றால் செல்வத்தின் மனு அதோடு சரி. உறவு இல்லை என்றால், படிவத்தில் தெரியாமல் போட்டுவிட்டோம் என்று நாகையாவும் செல்வமும் உறுதிமொழித் தாளுக்கு முத்திரை குத்தும் சத்தியக் கமிஷனர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு குடும்பத்தையும் அறிந்த வயசாளி ஒருவரும் சாட்சி சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குள் தாள் அவள் மேசையில் இருக்க வேண்டும். எழுத வேண்டியதை அவளே மலாயில் டைப் செய்து கொடுத்தாள். ஒரே வரி. 'எனக்கும் மேற்கண்டவருக்கும் எந்தவித உறவும் இல்லை.'

சாயங்காலம் நாகையா அந்தத் தாளை என் மேசையில் வைத்தான். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

"படிச்சுப் பாருங்க அண்ணி."

"எனக்கு எங்கடா மலாய் படிக்கத் தெரியுது. நீயே சொல்லு."

சொன்னான்.

அவன் எப்படி மாமன் ஆனான் என்பதைச் சொல்லாவிட்டால் இது யாருக்கும் விளங்காது. செல்வத்தின் அம்மா அமுதவள்ளி செந்தூல்காரி. அவள் அப்பா ரெங்கசாமி ரயில்வே பட்டறையில் இரும்படிப்பவர். மூன்று அண்ணன்களுக்குக் கடைசியாக ஒரே பெண். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய ஒருவனோடு வீட்டுக்குத் தெரியாமல் வந்துவிட்டாள். வந்தவளை அதோடு தலைமுழுகிவிட்டார்கள். ஒரு நல்லதுக்கும் கூப்பிடவில்லை, ஒரு கெட்டதுக்கும் வரவில்லை. செல்வத்துக்கு ஆறு வயதிருக்கும்போது லோரி கவிழ்ந்து புருஷன் போனான். அப்போதும் ஒருவரும் வரவில்லை. அவள் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பாக்டரிக்கு வேலைக்குப் போய்ப் பையனை வளர்த்தாள்.

செல்வத்துக்குப் பதினாறு வயதில் அவளும் போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் காமாலை. குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியாயிற்று. பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே போர்த்தின பிறகுதான் தூக்குவது. அண்ணன் தம்பிகள்தான் கொண்டுவர வேண்டும். நான் செந்தூலுக்கு மூன்று பேருக்கும் போன் அடித்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூத்தவன் மனைவி எடுத்து, "எங்களுக்கு அப்படி ஒரு பொண்ணு இல்லீங்க" என்று வைத்துவிட்டாள். பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணி. வெயில் ஏறிவிட்டது. வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கோடி இல்லாமலே எடுத்துவிடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். பையன் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாகையா அதுவரை நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளை எடுத்தான். கிள்ளான் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதுச் சேலை வாங்கிக்கொண்டு வந்தான். பச்சைச் சேலை, மஞ்சள் கரை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "பொறந்த வீட்டுக் கோடி" என்று சத்தமாகச் சொல்லிப் போர்த்தினான். பிறகுதான் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து செல்வத்துக்கு அவன் மாமன். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. கோடி போட்டவன் அண்ணன், அண்ணன் என்றால் பையனுக்கு மாமன், அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஏழு மணிக்குச் செல்வமும் உஷாராணியும் வந்தார்கள். ஹபீபா அவர்களுக்கும் போன் அடித்துச் சொல்லியிருந்தாள்.

"மாமா, நாளைக்கு நாலு மணி வரைக்கும்தான் கமிஷனர் ஆபீஸ்" என்றாள் உஷாராணி.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா."

"பேப்பர்ல எழுதினா உறவு போயிடுமா?"

"போகாதுன்னா ஏன் எழுதணும்?"

"வேலைக்குத்தான். வேற எதுக்கு?"

"எந்த உறவும் இல்லன்னு சத்தியம் பண்ணச் சொல்றாங்க. வேற என்னத்த வேணும்னாலும் எழுதறேன். அதை மட்டும் எழுத மாட்டேன்."

செல்வம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வந்த பிரச்சினையில் அவன்தான் பேசவில்லை. உஷாராணி அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் ஏறிவிட்டது.

"நீங்க அடுத்த வருஷம் பென்சன் வாங்கிக்கிட்டு உக்காந்துக்குவீங்க. நாங்க என்னா பண்றது மாமா? நீங்க போட்ட கோடியைப் போத்திக்கிட்டுப் படுத்துக்கவா?"

விளக்கு வைத்த நேரத்தில் அப்படி ஒரு பேச்சு. "உஷா" என்றான் செல்வம். நாகையா சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். ஹெல்மெட்டை எடுத்தான், இறங்கிப் போய்விட்டான்.

புதன்கிழமை காலையிலிருந்து அவன் போனை எடுக்கவில்லை. செல்வம் கல்லூரியில் தேடினான். ஸ்டோரைப் பூட்டிவிட்டு எங்கேயோ போயிருக்கிறான் என்றார்கள். நான் என் அடையாளக் கார்டையும் அமுதவள்ளியின் இறப்புப் பத்திரத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு மணிக்கே கிளம்பிவிட்டேன். சத்தியக் கமிஷனர் ஆபீஸ் கிள்ளானில் பழைய கடைவரிசையில் மாடிமேல் இருந்தது. கீழே கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நின்றோம். உஷாராணி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தாள்.

"வர மாட்டாரு அத்தை. வேணும்னே பண்றாரு."

"வருவான்."

"எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்.

மூன்றேகால் மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை. காலணியில் செம்மண் ஒட்டியிருந்தது. அமுதவள்ளியைப் புதைத்த இடத்தில்தான் அந்த மண். உஷாராணியைப் பார்க்காமல் படி ஏறினான்.

கமிஷனர் பெயர் சின்னையா. கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதிருக்கும். தாளைப் படித்தார். கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"யாரு ரெண்டு குடும்பத்தையும் அறிஞ்சவங்க?"

"நான்தான்."

"நாகையாவோட அப்பா பேரு?"

"மாயாண்டி. காப்பார் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு. அம்மா வீராயி. அவங்க கூடப்பொறந்தவங்க அஞ்சு பேரு. மூத்தவரு கருப்பையா, அவரு பொண்டாட்டி வந்து..."

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் சொன்னா போதும். அமுதவள்ளியோட அப்பா?"

"ரெங்கசாமி, செந்தூல். அம்மா பாக்கியம். பாக்கியத்தோட அப்பா ஈப்போவுல..."

"ரெங்கசாமி போதும். இந்த ரெண்டு வம்சமும் எங்கயாச்சும் முட்டுதா? கட்டிக் குடுத்தது, எடுத்தது?"

நான் ஒவ்வொரு கொடியாக மனத்துக்குள் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் செந்தூலில் கட்டிக் கொடுத்த பெண் ஒருத்தி உண்டு, ஆனால் அது வேறு வீடு.

"எங்கயும் முட்டல."

"அப்ப இதுல எழுதியிருக்கறது சரி. எந்தவித உறவும் இல்ல. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். உஷாராணியின் கண் என் வாயிலேயே இருந்தது. நாகையா மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லிவிட்டேன்.

"பொறப்புல இல்லீங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு இவன் கோடி போட்டிருக்கான்."

உஷாராணி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

சின்னையா பேனாவைக் கீழே வைத்தார். நாகையாவைப் பார்த்துக் கேட்டார். "ஊரோட ஒருத்தரா போட்டீங்களா, பொறந்த வீட்டுக் கோடியா?"

"பொறந்த வீட்டுக் கோடிதான் சார்."

"அவங்க ஆளுங்க யாரும் வரலையா?"

"வரல."

சின்னையா தாளைத் தள்ளி வைத்தார். "அப்ப இந்த வரிக்கு நான் முத்திரை குத்த மாட்டேன். எந்தவித உறவும் இல்லன்னா எப்படி? நடந்தது என்னவோ அதை அப்படியே டைப் பண்றேன். இரத்த உறவு இல்ல, கல்யாண உறவும் இல்ல. தாய் இறந்தப்ப அண்ணன் ஸ்தானத்துல துணி போட்டாரு, அதனால மாமான்னு கூப்பிடறாங்க. இதுல பொய் இல்ல."

உஷாராணி வெளியே போய் ஹபீபாவுக்குப் போன் அடித்தாள். பேச்சு எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"துவான் கேட்டது ஒரே வரி. இப்படிச் சுத்தி வளைச்சு எழுதினா ஏத்துக்குவாரான்னு சொல்ல முடியாதாம். தள்ளினாலும் தள்ளிடுவாராம்." பிறகு செல்வத்திடம் மெதுவாக, "எதிர் வரிசையில இன்னொரு கமிஷனர் இருக்காருங்க. கேள்வி கேக்க மாட்டாராம். அத்தையும் வேண்டியதில்ல, வேற யாரையாச்சும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கலாம். இருபது நிமிஷம் இருக்கு. வாங்க" என்றாள்.

எல்லாரும் செல்வத்தைப் பார்த்தோம். நேற்றிலிருந்து எந்தப் பக்கமும் சேராதவன். அவன் ஹபீபா கொடுத்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"நீங்க சொன்னதையே டைப் பண்ணுங்க சார்" என்றான்.

அப்போதுதான் நாகையா காத்தாடியிலிருந்து கண்ணை எடுத்தான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் தமிழில் போட்டேன். படி இறங்கும்போது உஷாராணி யாருக்காகவும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை எட்டரைக்கே கல்லூரியில் இருந்தோம். ஹபீபா தாளை வாங்கி இரண்டு தரம் படித்தாள். உள்ளே கொண்டுபோனாள். நேர்முகத்துக்கு வந்த மற்ற ஆறு பேரும் வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சின்ன வயசு, கையில் பளபளப்பான கோப்பு. செல்வம் வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் உட்காரலாமா, எழுந்து போக வேண்டுமா என்பதே தெரியாது. ஒன்பதே முக்காலுக்குக் கதவு திறந்தது.

"அங்கிள் நாகையா மட்டும் உள்ள வாங்க."

உள்ளே நடந்ததை ஹபீபா பிறகு சொன்னாள். துவான் ஸம்ரி தாளைக் காட்டி, சட்டப்படி நீங்கள் சொந்தம் இல்லை, அது எனக்குப் புரிகிறது என்றாராம். ஆனால் சொந்தத்தைவிட நெருக்கமாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம் என்றாராம். பிறகு கேட்டாராம்:

"ஒரு கருவி காணாமல் போகிறது. இவன் திருப்பிக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இவனைப் பற்றி எனக்கு எழுதிக் கொடுப்பாயா?"

"குடுத்திருக்கேன் துவான்."

"எப்போது?"

"நாலு வருஷத்துக்கு முன்னால. நீங்க இங்க வர்றதுக்கு முந்தி. வெக்கும் பம்ப்."

ஹபீபா ஓடி வந்து அலமாரியைக் குடைந்ததை நாங்கள் பார்த்தோம். ஒரு பச்சைக் கோப்போடு திரும்பி ஓடினாள். என்ன ஏது என்று தெரியாமல் உஷாராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். அப்போதிருந்த விரிவுரையாளர் ஒருவர் வெளிவேலைக்கு, ஏர்கோன் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் கல்லூரி பம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாளைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், திரும்பி வந்ததாகப் புத்தகத்தில் போட்டுவிடு என்று செல்வத்திடம் சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்ட் ஆள் விரிவுரையாளரிடம் முடியாது என்பானா? போட்டுவிட்டான். நாகையா சாயங்காலம் ஸ்டோர் அலமாரித் தட்டில் இருந்தவற்றை எண்ணினான். ஒன்று குறைந்தது. செல்வத்தைக் கூப்பிட்டுக் கேட்டான். நாளைக்கு வந்துவிடும் மாமா என்றான் அவன். ஐந்து மணி வரை பார்க்கிறேன் என்று சொல்லி, ஐந்து மணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். பம்ப் மறுநாள் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் செல்வத்துக்கு வந்தது.

பத்து மணிக்கு நாகையா வெளியே வந்தான். பின்னாலேயே ஹபீபா வந்து, "செல்வம், நீங்கதான் முதல் ஆளு. கூப்பிடுவாங்க, இருங்க" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. ஹபீபா அதோடு போயிருக்கலாம். சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள்.

"ஆன்டி, அங்கிள் அப்பவே செல்வத்தைப் பத்தி ரிப்போர்ட் எழுதிக் குடுத்திருக்காரு. அதைப் பாத்துட்டுத்தான் துவான் சரின்னாரு."

உஷாராணி என் கையை விட்டாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.

ஹபீபா வருஷத்தைச் சொன்னாள்.

அந்த வருஷம் அந்தக் கடிதத்தால் செல்வத்தின் கான்ட்ராக்ட் மூன்று மாதம் தள்ளிப்போனது. மேலிடத்தில் தாமதம் என்றுதான் செல்வம் வீட்டில் சொல்லியிருந்தான். அந்த மூன்று மாதமும் போர்ட் கிள்ளானில் கன்டெய்னரிலிருந்து மூட்டை இறக்கப் போனான். முதுகு பிடித்துக்கொண்டது. இன்றுவரை குனிந்து எழுந்தால் வலி. அப்போது தினமும் காலையில் அவனை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது நாகையா.

"நீங்களா?" என்றாள் நாகையாவிடம். "எழுதிக் குடுத்துட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்து என் கையால கொழம்பு ஊத்திச் சாப்பிட்டீங்களே மாமா."

நாகையா நின்றான்.

"உஷா, இங்க வேணாம்" என்றான் செல்வம்.

"உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் மாமா மாமான்னு பின்னாலயே போனீங்க."

"நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அவரு எண்ணிப் பாத்தாரு. வேற என்னா பண்ணியிருக்கணும்?"

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்து போனான். இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் உஷாராணி பெஞ்சின் ஒரு கோடியில், நாகையா மறு கோடியில், நடுவில் நான்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் உஷாராணி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. விஷ்ணுப்ரியாவையும் அனுப்பவில்லை. செல்வம் மட்டும் வேலை முடிந்து வந்து ஐந்து நிமிஷம் நிற்பான். வேலை கிடைக்காது என்றே நினைத்துவிட்டான். நேர்முகத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் டிப்ளோமா படித்தவர்களாம். போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னான். நாகையா இரவில் மூன்று தரம் எழுந்து தண்ணீர் குடிப்பது எனக்குக் கேட்கும்.

டிசம்பர் பத்தாம் தேதி, சாயங்காலம் கதவு தட்டினார்கள். செல்வம் தட்டோடு நின்றான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதன்மேல் கடிதம். ஏழு வருஷம் அதே பட்டறையில் கை பழகியவன் என்று எடுத்துக்கொண்டார்களாம். ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: இனி சாமான் புத்தகத்தில் இவர்கள் இரண்டு பேர் கையெழுத்தோடு விரிவுரையாளர் கையெழுத்தும் வேண்டும்.

நாகையா தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். கடிதத்தை எடுத்துப் படித்தான். முதலிலிருந்து மறுபடியும் படித்தான்.

உஷாராணி உள்ளே வரவில்லை. மாடிப்படியில் விஷ்ணுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டது. இவள் மட்டும் நின்றாள்.

"உள்ள வாயேன்மா" என்றேன்.

"இருக்கட்டும் அத்தை." பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள். "மாமா, அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ சோறு போட்டிருக்க மாட்டே."

"போட்டிருக்க மாட்டேன்தான்."

"அதான் சொல்லல."

அவள் முகம் இளகவில்லை. அப்படி மூன்று வாரத்தில் இளகிவிடுகிற விஷயமா அது? அந்த முதுகுக்குத் தைலம் தேய்ப்பவள் அவள்தானே. நாகையாவும் மன்னிப்புக் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தது தப்பு என்று அவன் வாயிலிருந்து வராது, எனக்குத் தெரியும்.

"ஜனவரி ரெண்டாந்தேதி இவரு பட்டறையில நிரந்தரமா கையெழுத்துப் போடணுமாம்" என்றாள். "முதல் நாள் சாமி கும்பிட்டு, பெரியவங்க யாராச்சும் சட்டை எடுத்துக் குடுக்கணும். எங்க வீட்டுல வேற யாரு இருக்கா?"

"என்னா கலர்மா?" என்றான் நாகையா.

"வெள்ளை வேணாம். அழுக்காயிடும்" என்றாள். அதற்குப் பிறகும் அவள் உள்ளே வரவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். நான் தேத்தண்ணி கலக்க உள்ளே போனேன்.